பார்க்காமல் செய்த தீங்கு

கொல்லாமையைப் பற்றி நம் இல்லங்களில் பேசும்பொழுது, கைக்கு எட்டும் தூரத்தில் நிகழும் கொலையையே நாம் பெரும்பாலும் மனத்தில் கொள்கிறோம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறோம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். விளக்கில் விட்டில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். இவையெல்லாம் கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் காவல்கள். இவற்றை வகுத்த முன்னோரின் காலத்தில், ஒருவர் செய்யும் தீங்கு பெரும்பாலும் அவர் காலடியிலோ, அடுப்படியிலோ, ஏர்க்காலிலோ முடிந்துவிட்டது. இன்று தீங்கின் நீளம் கூடிவிட்டது. ஓர் ஊரில் மூடப்பட்ட ஆலையின் கழிவு, அந்த ஆலையை நடத்தியவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்த பின்னரும், எங்கோ ஓர் உயிரை வருத்திக்கொண்டிருக்கக் கூடும். அந்த உயிர் ஒரு சாண் நீளம்கூட இல்லாத மூஞ்சூறாகவோ வௌவாலாகவோ இருந்தால், அது வருந்தியதே எவருக்கும் தெரியாமல் போகும். அவ்வாறு தெரியாமல் போன துன்பத்திற்கு யாருக்கேனும் பொறுப்பு உண்டா என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட வினா.

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு அறநெறிப் பாடம் நடத்திய ஆண்டுகளில், "தெரியாமல் மிதித்த எறும்புக்குப் பாவம் உண்டா, அம்மா?" என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒருத்தி கேட்பாள். "நீ பார்த்து நடந்தாயா?" என்பதே நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. நம் சமயத்தின் விடையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் எறும்புக்கு எளிதாகப் பொருந்தும் இந்த விடை, ஆலைக் கழிவுக்குப் பொருந்துமா என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் வாழும் வாடிப்பட்டியின் நெல்வயல்களுக்குத் தண்ணீர் தருவது பெரியாறு பிரதானக் கால்வாய். அது வைகையின் பேரணையிலிருந்து பிரிந்து வருகிறது. வைகைக்கு நீர் தரும் மலைகளில் கொடைக்கானல் மலையும் ஒன்று. அங்கே பாம்பார்ச் சோலை என்னும் பழங்காட்டின் வழியே இறங்கும் பாம்பாறு, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுந்து, கீழே வைகையோடு சேரும் நீர்களில் ஒன்றாகிறது. அந்தப் பாம்பார்ச் சோலைக்கு மேலே உள்ள மேட்டில்தான் பாதரசத் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை இருந்தது. மலையில் சிந்திய பாதரசம் எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்தது என்று நான் கூற முற்படவில்லை. மலையில் உள்ளவர் சமவெளியை அயலூர் என்று எண்ணினாலும், தண்ணீர் அவ்வாறு எண்ணுவதில்லை என்பதையே சொல்கிறேன்.

ஆலையின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே என்றாலும், இளையவர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் கீழும், 1998 முதல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கீழும் ஆலை நடந்தது. செய்யப்பட்ட தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. 2001 மார்ச்சு மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கும் மேலாகக் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நெடிய போராட்டத்திற்குப் பின் 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் உடல்நலத்திற்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளையவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது என்பதையும் நடுநிலை கருதிக் குறிப்பிட வேண்டும்.

தெர்மாமீட்டர் என்பது நோயாளியின் நலத்திற்காகச் செய்யப்படும் பொருள். அதைச் செய்தவர்களில் ஒருவர்கூட ஓர் உயிரையேனும் கொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டேன். கொடியவன் செய்த தீமையைப் பற்றி அறவியலில் ஆராய அதிகம் இல்லை.

பாதரசத்தின் இயல்பை அறிந்தால்தான் மேலே செல்ல முடியும். அது உலோகமாயினும் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றில் கலந்து, மழையோடும் மூடுபனியோடும் இறங்கி, இலையிலும் பாசியிலும் மண்ணிலும் படியும். சேற்றிலும் சதுப்பிலும் காற்று புகாத இடத்தை அடைந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசம் என்ற கொடிய வடிவத்திற்கு மாற்றிவிடும். அவ்வடிவம் உடலுக்குள் எளிதில் புகும். வெளியேறுவதோ மிக மெதுவாக. புழு ஒரு பங்கு கொண்டால், புழுக்கள் பலவற்றைத் தின்னும் பிராணி பல பங்கு கொள்ளும். நரம்பும் மூளையும் அதனால் தாக்கப்படும்.

இங்கே மூஞ்சூறு வருகிறது. பிள்ளையாரின் வாகனம் என்று படத்தில் வரைந்தாலும், வீட்டில் கண்டால் துடைப்பம் எடுக்கும் அதே மூஞ்சூறுதான். எலியைப் போல் தோன்றினாலும் அது எலிக் குலம் அன்று. புழு பூச்சிகளைத் தின்று வாழும் வேறு குலம். அதன் இதயம் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்கும். அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க ஓயாமல் தின்ன வேண்டும். மூஞ்சூறு இனங்களில் சில, நாள்தோறும் ஏறக்குறையத் தம் எடை அளவுக்கே தின்கின்றன. ஆகவே மண்ணில் உள்ள நஞ்சு எதுவாயினும், மண்புழு வழியாக அதன் உடலில் வந்து குவியும். இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்தை அடுத்த ஒரு செம்புச் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றிய புல்வெளியில் செய்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. ஒரே புல்வெளியில் வாழ்ந்த புல் தின்னும் எலியையும் மூஞ்சூற்றையும் ஒப்பிட்டபோது, மூஞ்சூற்றின் உடலில் காட்மியம் மிக மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது. ஒரே மண், ஒரே காற்று. உணவு வேறு என்பதால் ஒன்று நஞ்சின் கிடங்காயிற்று.

காலத்தின் நீளத்தைக் காட்ட இன்னொரு செய்தி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வேன்ஸ்பரோ என்ற ஊரில் டூபாண்ட் நிறுவனத்தின் இழை ஆலை 1929 முதல் 1950 வரை பாதரசத்தைப் பயன்படுத்தியது. பயன்பாடு நின்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த ஆற்றங்கரை வௌவால்களின் மயிரை ஆராய்ந்தவர்கள், வேறிடத்து வௌவால்களைவிடப் பன்மடங்கு பாதரசத்தை அதில் கண்டனர். ஆற்றுச் சேற்றில் தங்கிய நஞ்சு, அங்கே பிறந்து பறக்கும் பூச்சிகளின் வழியே, வானில் பறக்கும் உயிரையும் எட்டிவிட்டது. ஆலையில் அன்று வேலை செய்தவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். கட்டப்பட்ட வினை தன் காலம் முடியும் வரை நின்று பயன் தரும் என்று நாம் கேட்டிருக்கிறோமே, அதை வேதியியல் தன் மொழியில் சொல்வது போல் இருக்கிறது இது.

கொடைக்கானலில் என்ன ஆராய்ந்தார்கள்? அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வாளர்கள், ஆலையின் பக்கத்து மரங்களில் படர்ந்த கற்பாசியையும் பாசியையும் ஆராய்ந்து 2003-இலும், கொடைக்கானல் ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் ஆராய்ந்து 2006-இலும் முடிவுகளை வெளியிட்டனர். ஆலையிலிருந்து பாதரசம் சுற்றுப்புறத்தில் பரவியிருப்பதை அவை காட்டின. தொழிலாளரின் உடல்நலத்தைப் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. அவற்றின் முடிவைக் குறித்து நீதிமன்றம் வரை வாதங்கள் எழுந்தன. பாசி, மீன், மனிதன் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், பாசிக்கும் மனிதனுக்கும் இடையே சோலையின் தரையில் இலைச் சருகுக்குள் ஓடும் மூஞ்சூறும், காட்டெலியும், மாலையில் பறக்கும் வௌவாலும் பொதுவாதத்தில் இடம் பெறவே இல்லை. அவற்றின் சார்பில் வழக்குத் தொடுப்பார் யார்? சங்கம் அமைக்கவும், இழப்பீடு கேட்கவும், தங்கள் குழந்தைகளின் நடுக்கத்தை மருத்துவரிடம் காட்டவும் அவற்றால் முடியாது.

பின்னர் ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. மனிதர் குடியிருக்கும் நிலத்திற்கு ஏற்ற அளவு என்று, ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என நிர்ணயிக்கப்பட்டது. நிபுணர் ஆய்வின்படி அதுவே போதுமானது என்றது நிறுவனம். சுற்றுச்சூழல் ஆர்வலர்களோ, பக்கத்தில் இருப்பது காடு, 2013-இல் அறிவிக்கப்பட்ட காட்டுயிர்ச் சரணாலயம், ஆகவே இதைவிடப் பன்மடங்கு கடுமையான அளவு வேண்டும் என்று வாதிட்டனர். எண் சரியா தவறா என்று தீர்ப்பளிக்க நான் வேதியியல் கற்றவள் அல்லள். என்னைச் சிந்திக்க வைத்தது அந்த எண்ணின் பெயர்தான்: "குடியிருப்புக்கான அளவு." சோலையில் குடியிருப்பவர் யார்? மண்ணைத் தின்னாமல், மண்மேல் செருப்பணிந்து நடந்து, மெத்தையில் உறங்கும் மனிதனுக்குப் பாதுகாப்பான மண், அம்மண்ணிலேயே மூக்கை நுழைத்து அதன் புழுவையே மூன்று வேளையும் உண்ணும் உயிருக்கும் பாதுகாப்பானதாக இருக்குமா? அளவுகோலை எடுக்கும்போதே யார் துன்பம் கணக்கில் வரும், யார் துன்பம் வராது என்பது முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் விடுபட்டது விடுபட்டதுதான்.

ஒரு செய்தியை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். நம் சமயம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறது. மூஞ்சூறும், எலியும், வௌவாலும், அணிலும் ஐம்பொறியும் நிறைந்தவை. பசுவும் யானையும் அமர்ந்திருக்கும் அதே வரிசையில்தான் அவையும் இருக்கின்றன. உடலின் அளவைக் கொண்டு நம் நூல்கள் வகுப்புப் பிரிக்கவில்லை. பசுவுக்குச் சாலை அமைக்கிறோம், மிக நல்லது. மூஞ்சூற்றுக்கும் சாலை அமையுங்கள் என்று நான் சொன்னால் நகைப்பீர்கள், நானும் நகைப்பேன். அது தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். அந்த உணவில் நஞ்சு சேராமல் இருந்தால் போதும்.

இனி, தத்துவத்தின் கணுவுக்கு வருவோம். உமாஸ்வாமி ஹிம்சைக்கு இலக்கணம் கூறியபோது, உயிர் போவதை மட்டும் வைத்துக் கூறவில்லை. பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதனோடு சேர்த்துக் கூறினார். இதை ஆலை உரிமையாளர் ஒருவர் தமக்குச் சார்பாக எடுத்துப் பேசலாம். "எங்களுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, சட்டம் சொன்ன கவனத்தை எடுத்தோம், அதற்கு மேல் நிகழ்ந்தது எங்கள் கையில் இல்லை" என்று அவர் சொல்லக் கூடும். மேலும், இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது சங்கல்பி ஹிம்சை மட்டுமே; தொழிலால் வரும் உத்யோகி ஹிம்சை முற்றிலும் தவிர்க்க முடியாதது என்று நம் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டுள்ளனர் என்றும் சொல்லலாம். இந்த வாதத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை வழிவழியாக உழவுக் குடும்பங்கள். ஏர் ஓடும் சாலில் மாளும் உயிர்களை எண்ணினால் எவரும் உழ முடியாது.

ஆயினும் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. உத்யோகி ஹிம்சைக்குத் தரப்பட்ட விலக்கு, கவனத்தோடு செய்வான் என்ற நம்பிக்கையின்மேல் தரப்பட்டது. கவனம் என்பது மனத்தின் நல்லெண்ணம் மட்டும் அன்று. அது ஒரு செயல். துறவியர் நடக்கும்போது முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது ஈரியா சமிதி. ஏன் நான்கு முழம்? நடப்பவரின் கால் அடுத்த சில அடிகளில் எட்டக்கூடிய தூரம் அது. செயலின் எட்டும் தூரமே பார்வையின் கடமைத் தூரம் என்பது அதன் உட்பொருள் என்று நான் கொள்கிறேன். பாதரசத்தைக் கையாள்பவரின் கால் எவ்வளவு தூரம் எட்டுகிறது? வர்ஜீனியாவின் வௌவால் சொல்கிறது: அறுபது ஆண்டு தூரம். அவ்வளவு தூரம் எட்டும் காலை வைத்துக்கொண்டு, ஆலை மதிலுக்குள் மட்டும் பார்ப்பவர் பார்த்து நடந்தவர் ஆவாரா? தெரியாமை இரண்டு வகை. அறிய வழியே இல்லாத தெரியாமை ஒன்று. அதில் குற்றம் காண்பது கொடுமை. அறிய வழி இருந்தும் அத்திசையில் திரும்பாத தெரியாமை மற்றொன்று. பிரமாதம் என்ற சொல் இந்த இரண்டாவதற்கே பொருந்தும்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு, தெரிந்ததை மறைப்பது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ ஆலையின் பாதரசக் கழிவு கலந்தது. 1956-இல் மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்படுவதற்கு முன்பே, மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று மாண்டன. பூனை ஆடுகிறது என்று ஊரார் பேசிக்கொண்டனர். 1959-இல் அந்நிறுவனத்தின் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஹொசோகவா, ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்க்க, அதற்கும் அதே நோய் வந்தது. நிறுவனம் அதை வெளியில் சொல்லவில்லை. கழிவு மேலும் பல ஆண்டுகள் கடலுக்குச் சென்றது. பூனையின் துன்பத்தை யாரேனும் பூனைக்காகவே மதித்திருந்தால், எத்தனை மனிதக் குழந்தைகள் தப்பியிருக்கும் என்று சொல்லி இந்தக் கதையை முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்கத் தயங்குகிறேன்.

ஏனெனில் சிறு பிராணிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும் பகுதி மனிதனுக்காகவே செய்யப்படுகிறது. அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கெனால் என்ற இடத்தில், ஹூக்கர் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஆயிரக்கணக்கான டன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. அதன்மேல் வீடுகளும் பள்ளியும் எழுந்தன. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற நேர்ந்தது. அங்கே வாழ்ந்த புல்வெளி எலிகளை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்டனர். கழிவுக்கு அருகில் வாழ்ந்த எலிகளின் ஆயுள், தொலைவில் வாழ்ந்தவற்றின் ஆயுளில் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தது. மனிதர்க்கு நேரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டிக் காட்டும் அடையாளமாகவே இந்த எலிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அரைப் பங்கு ஆயுளை இழந்தது எலிக்கே ஓர் இழப்பு என்று அறிக்கைகள் பேசுவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தம்தான். ஆனாலும், தன்னலம் கருதியேனும் அவர்கள் பார்த்தார்கள். பிறர் நலம் பேசும் நாம் அந்த அளவுக்கும் பார்க்கவில்லை என்ற எண்ணம் என் வருத்தத்தை அடக்கிவிட்டது.

மலையையும் கடல் கடந்த நாடுகளையும் விட்டு, சமவெளிக்கு இறங்குகிறேன். வாடிப்பட்டிக்கு மேற்கே வைகைக் கரையில் மேட்டுப்பட்டிச் சித்தர்மலையிலும், அப்பால் விக்கிரமங்கலத்திலும் நம் முன்னோர் துயின்ற கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. மதுரையைச் சுற்றிய இத்தகைய குன்றுகளின் இடுக்குகளும் குகைகளும் வௌவால்களுக்கு உகந்த உறைவிடங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் பன்னியான் குகையின் இலைமூக்கு வௌவால்களைக் கொண்டு உயிரினங்களின் உடலில் இயங்கும் காலக் கடிகாரத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகள் உலகறிந்தவை. இருட்டறையில் இருந்துகொண்டே பொழுது சாய்ந்ததை அறிந்து புறப்படும் அவை, நெல்வயல்களின்மேல் பறந்து பூச்சி பிடிக்கின்றன. வௌவால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். பல ஆண்டுகள் வாழும். ஆகவே பூச்சியில் உள்ள நஞ்சு அதன் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேரும். தாய்ப்பால் வழியே குட்டிக்கும் இறங்கும். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட வண்டல், மீன், பறவை, பறவை முட்டை, வௌவால் ஆகியவற்றில் டி.டி.டி. வகை நஞ்சுகளும் தொழிற்சாலை இரசாயனமான பி.சி.பி.யும் இருந்ததை 2001-இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. டி.டி.டி.யை உழவில் பயன்படுத்துவது 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. கால்வாய்ப் பாசனம் இல்லாத மேட்டுக் காடுகளில் வாழும் முள்ளெலியும் பூச்சி தின்பதே. தென்னிந்தியாவுக்கு மட்டும் உரிய சிற்றுயிர் அது. நாய் வந்தால் முள்ளைச் சிலிர்த்துப் பந்தாகச் சுருண்டு தப்பிக்கும். தின்ற பூச்சியின் வயிற்றில் உள்ள நஞ்சுக்கு அந்த வித்தை பயன்படாது.

இங்கேதான் நம் கை நேரே சம்பந்தப்படுகிறது. நஞ்சு செய்யும் ஆலை எங்கோ இருக்கலாம். அதன் டப்பா நம் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. வயலெலிக்கு ஜிங்க் பாஸ்பைடைப் பொரியில் கலந்து வைப்பது ஊரெங்கும் வழக்கம். எலி நெல்லைத் தின்றால் குடும்பம் எதைத் தின்னும் என்று உழவர் கேட்பது வெற்று வாதம் இல்லை. விரோதி ஹிம்சை என்ற தலைப்பில் அதை வைத்து அமைதி காண்பவரும் உண்டு. ஆனால் பொரி எலியைத் தேடிச் செல்வதில்லை. அணில் தின்னும், பறவை தின்னும். இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்று தள்ளாடும் எலியைக் கீரியும் ஆந்தையும் பிடித்துண்ணும். எதிரியைக் குறித்து விடுத்த அம்பு என்று இதைச் சொல்ல முடியாது. வரப்பைக் குறுகலாகக் கட்டினால் எலி வளை தோண்ட இடம் குறையும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்கின்றனர். வயலில் கழி நட்டால் ஆந்தை வந்து அமரும் என்கின்றனர். பின்னதில் நம் மனம் முழுதும் அமைதி அடையாது. ஆந்தை எலியைக் கொல்லத்தான் போகிறது. எனினும் அது அதன் உணவு. நஞ்சைப் போல் அடுத்தடுத்த உயிர்களுக்குத் தாவாது.

இல்லறத்தாருக்கு விலக்கிய தொழில்களின் பட்டியலில் விஷ வாணிபம் ஒன்று. காரணமின்றிப் பிறர்க்கு நஞ்சும் ஆயுதமும் கொடுப்பதை அனர்த்த தண்டத்தின் பிரிவாகக் கொண்டு விலக்கியவர்களும் நம் ஆசிரியர்களே. அக்காலத்தில் நஞ்சு என்றால் குப்பியில் அடங்கும் பொருள். இன்று நம் பிள்ளைகள் வேதிப் பொறியாளர்களாக, பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களாக, தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய சரக்கை விற்பவர்களாக இருக்கிறார்கள். நம்மவர் பலர் வாழும் ஆர்க்காட்டுப் பக்கத்திலேயே, இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு, ஒரு லட்சம் டன்னுக்கும் மேலாக, திறந்த வெளியில் பல்லாண்டுகள் குவிந்து கிடந்தது. மழைக் காலத்தில் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. அந்த மண்ணில் வளை தோண்டிய எலி எதுவாயிற்று என்று நம்மில் எவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. தொழிலை விடுங்கள் என்று கூறும் துணிவு எனக்கு இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருத்தி பிறர் பிழைப்பைப் பற்றி எளிதாகப் பேசிவிடலாம். பங்கு வாங்கும் முன், வேலையில் சேரும் முன், "உங்கள் கழிவு எங்கே போகிறது? அங்கே என்ன வாழ்கிறது? யாரேனும் பார்த்தார்களா?" என்று மூன்று கேள்விகள் கேட்பது இயலாத காரியம் அன்று. நகை வாங்கும்போது இதைவிட அதிகம் கேட்கிறோம்.

கடைசியாக, சில அன்பர்கள் எழுப்பக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. தீங்கை அறிவதற்கு அப்பிராணிகளைப் பிடித்து அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அது ஹிம்சை ஆகாதா? ஆகும். லிவர்ப்பூல் பக்கத்து மூஞ்சூறுகளின் ஈரலையும் சிறுநீரகத்தையும் அளந்தவர்கள் அவற்றைக் கொன்றே அளந்தார்கள். அந்த அறிவை இக்கட்டுரையில் நானும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பாதரசத்தைப் பொறுத்தவரை வழி வேறாகவும் இருக்கிறது. அது மயிரில் சேரும் இயல்புடையது. வர்ஜீனியாவில் வௌவாலின் முதுகிலிருந்து சிறிது மயிரைக் கத்தரித்து எடுத்தே அதை அளக்க முடிந்தது. அதன் பிறகு வௌவாலைப் பறக்க விட்டுவிடலாம். மூஞ்சூற்றையும் எலியையும் உயிரோடு பிடிக்கும் தகரப் பொறிகள் உண்டு. பாம்பார்ச் சோலையில் ஒரு மாதம் தங்கி, இரவில் பொறி வைத்து, விடிவதற்குள் திறந்து, ஒரு சிட்டிகை மயிரை உறையில் இட்டு எழுதி, பிராணியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வரக்கூடிய இளைஞர் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் விலங்கியலும் வேதியியலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வி உதவிக்கென்று நம்மவர் நிறுவிய அறக்கட்டளைகளும் பல இருக்கின்றன. வனத்துறையின் அனுமதி பெறச் சில மாதம் அலைய நேரும். மலையில் குளிருக்கு நல்ல கம்பளி வேண்டும்.